முட்டையா, தாழியா?

(இந்த வாரம் பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் முறை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருப்பவர்களைப் பற்றியே கேட்டிருந்ததால், தேர்தல், சினிமா கேள்விகள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன.)

எங்க பக்கம் மண்ணைத் தோண்டினாலே உருண்டை உருண்டையா ஏதாவது வருது. டைனோசர் முட்டைங்கிறான் ஒருத்தன், முதுமக்கள் தாழிங்கிறான் இன்னொருத்தன். யாரை நம்புறது?
– ஒரு விவசாயி, குன்னம்

ரெண்டு பேரையும் வேண்டாம். 2020 அக்டோபரில் உங்கள் ஊரில் கிடைத்த உருண்டைகளை முட்டை என்று சொல்லி வாட்ஸ்அப் சில நாள் அடைகாத்தது. பார்த்த நிலவியல்காரர்கள், அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி இறுகிப்போன கல்லுருண்டை என்று சொன்னதும் குஞ்சு பொரிக்காமலே செய்தி அடங்கிவிட்டது. உங்கள் மாவட்டமும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தவை. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940இல் அதை அடையாளம் காட்டியவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன்.

தாழி என்றால் சுட்ட மண். உடைந்த ஓரத்தில் சுவரின் கனம் தெரியும், உள்ளே மண்ணும் சில சமயம் சின்னக் கிண்ணங்களும் இருக்கும். கல்லுருண்டை உள்ளும் புறமும் கல்தான். அம்மோனைட் இனம் அழிந்து ஆறரைக் கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. தாழிக்கு வயது சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். எல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டைக்கு வாய் கிடையாது, தாழிக்கு உண்டு.

அந்தக் காலத்தில் வயசானவர்கள் சாகவே மாட்டார்களாம். சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவுக்கு ஆனதும் சோறு, தண்ணி, விளக்கோடு மதமதக்கத் தாழியில் உயிரோடு வைத்துவிடுவார்களாம். எங்க அப்பாயி சொல்லும். உண்மையா?
– ஒரு கல்லூரி மாணவி, வேப்பந்தட்டை

அப்பாயி சொன்னது கதை. ஆனால் அது சும்மா வந்த கதை இல்லை. தாழியைத் தோண்டிப் பார்த்தவர்கள் உள்ளே சின்ன இடத்தில் மனித எலும்பும், பக்கத்தில் சோற்றுக் கிண்ணமும் இருக்கக் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மனுஷன் இதற்குள் எப்படிப் போனான் என்ற கேள்விக்கு ஊர் கண்டுபிடித்த விடைதான் 'சுருங்கிப்போனான்'.

பெரும்பாலான தாழிகளில் முழு உடல் இல்லை. உடலை முதலில் வேறெங்கோ இட்டு, சதை போனபின் மண்டையோட்டையும் கைகால் நீள எலும்புகளையும் பொறுக்கி வந்து தாழிக்குள் வைத்தார்கள். ஆதிச்சநல்லூரில் முழு உடலைக் குந்தவைத்து அடக்கிய தாழிகளும் உண்டு. அவரும் செத்த பிறகு போனவர்தான். அப்பாயியிடம் இதையெல்லாம் சொல்லி வாதம் பண்ண வேண்டாம். அந்தக் கதையை மட்டும் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் புதைக்கிறவர்களா, எரிக்கிறவர்களா? வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளாக அடிதடி.
– ஒரு வங்கி ஊழியர், அரியலூர்

அடிதடியை நிறுத்தச் சீத்தலைச் சாத்தனாரைக் கூப்பிடுங்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை ஒரே சுடுகாட்டுக்குள் ஐந்து வகை ஆட்களைக் காட்டுகிறது. எரிக்கிறவர், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டுகிறவர், கல்லறைக்குள் அடைக்கிறவர், தாழி கொண்டு மூடுகிறவர். அடுத்தடுத்த காலத்து ஐந்து வழக்கம் இல்லை, ஒரே ஊரில் ஒரே காலத்து வழக்கம். இன்றைக்கும் உங்கள் தெருவிலேயே குழந்தைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று, சாமியாருக்கு ஒன்று என்றுதானே நடக்கிறது?

சங்க காலத்துச் சோழ ராஜாவையும் தாழியில்தான் வைத்தார்களா?
– ஒரு தமிழாசிரியை, ஜெயங்கொண்டம்

அப்படித்தான் தெரிகிறது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது புறநானூற்றில் 228ஆம் பாட்டு. ராஜாவைப் பற்றி ராஜாவிடமோ மந்திரியிடமோ அவர் பேசவில்லை. ஊர்க் குயவரைக் கூப்பிட்டுப் பேசுகிறார். இவ்வளவு பெரிய புகழுக்கு அளவாக எப்படி ஐயா தாழி வனையப் போகிறாய், மண்ணுக்கு எங்கே போவாய் என்கிறார். அதே நூலில் 256ஆவது பாட்டிலும் குயவர்தான் வருகிறார். கணவனை வழியில் இழந்த ஒருத்தி, எனக்கும் சேர்த்து வாயை அகலமாக வை என்று கேட்கிறாள். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

டீச்சர், இந்த இரண்டையும் வகுப்பில் நடத்தும்போது துறைப் பெயருக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் கடந்துபோகாதீர்கள். சாவு விழுந்த வீட்டிலிருந்து முதல் ஆள் குயவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய தாழியைச் சொன்னவுடன் செய்து தர முடியாது. மண் பிசைந்து, கனமாக வனைந்து, நிழலில் காயவைத்து, சூளை போட்டு எடுக்க வேண்டும். எலும்பு பொறுக்கும்வரை காத்திருந்த வழக்கத்துக்கு ஆயிரம் சடங்குக் காரணம் சொல்கிறார்கள். தாழி காய்வதற்கான அவகாசமும் அதில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் சமாதி எங்கே இருக்கிறது?
– ஒரு ஆட்டோ ஓட்டுநர், மீன்சுருட்டி

தலைநகர் உங்களுடையது, சாவு உங்களுடையது இல்லை. ராஜேந்திரன் 1044இல் இறந்தது தொண்டை மண்டலத்துப் பிரம்மதேசத்தில். அந்த ஊர்க் கோயில் கல்வெட்டு, அரசி வீரமாதேவியும் அவரோடு உயிர் நீத்ததைச் சொல்கிறது. அவர்கள் நினைவாக அரசியின் உடன்பிறந்தவர் தண்ணீர்ப் பந்தலுக்கு நிவந்தம் வைத்திருக்கிறார். அதே ராஜேந்திரன், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பட்டீஸ்வரம் பக்கத்தில் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவர். கிள்ளிவளவன் காலத்துக் குயவர் வேலை, ராஜேந்திரன் காலத்தில் ஸ்தபதி கைக்குப் போய்விட்டது.

ஆப்பிரிக்காவில் நூபியா என்ற இடத்துக் கல்லறைகளில் நம்ம ஊர்க் கறுப்பு-சிவப்புப் பானையே கிடைக்கிறதாமே! தமிழன் அங்கே போனானா, அவன் இங்கே வந்தானா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செந்துறை

இதில் பாதி உண்மை. மீதி யூடியூப்.

உண்மை இது. எகிப்தில் அஸ்வான் உயர் அணை கட்டியபோது நைல் கரையின் நூபியப் பகுதி மூழ்கப்போகிறது என்று யுனெஸ்கோ உலகத்தையே உதவிக்கு அழைத்தது. இந்தியத் தொல்லியல் துறையிலிருந்தும் பி.பி. லால் தலைமையில் ஒரு குழு போய் 1962இல் ஆஃபியே என்ற ஊரில் தோண்டியது. அங்கே இருந்த இடுகாடுகளில் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கிண்ணங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலக் கிண்ணங்களைப் போலிருப்பதைக் கண்டு லால் அதை எழுதவும் செய்தார். கல்லை வட்டமாக அடுக்கிய கல்லறைகளும் அங்கே உண்டு. பார்த்தவுடன் யாருக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும்.

இனி அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கமும் வாய் விளிம்பும் கரிக்கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி செங்கல் சிவப்பு. நடுவே இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து மங்கும். கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு, வைக்கோலும் உமியும் மூடிச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாது, கரி ஏறிக் கறுக்கும். வெளியே காற்றுப் படும் இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். இந்தச் சூட்சுமத்தைச் சூளை வைத்திருக்கிற எந்த ஊர்க் குயவரும் தானே கண்டுபிடிக்கலாம். கடல் கடந்து வந்து ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஆஹாரில் இதே இருநிறப் பானை ஊர்க் குடியிருப்பிலேயே கிடைத்தது. அங்கே அதற்குக் கல்லறை தேவைப்படவில்லை.

காலமும் இடிக்கிறது. லால் ஒப்பிட்ட நூபியக் கல்லறைகளில் பெரும்பாலானவை கி.மு. இரண்டாயிரத்தை ஒட்டியவை. நம்முடைய கல்வட்டங்களில் பெரும்பகுதி கி.மு. முதல் ஆயிரத்தாண்டு. நடுவே கடல், அரேபியா, பல நூற்றாண்டுகள். வழியில் எங்காவது இறங்கிய அடையாளம் வேண்டாமா? கிண்ணம் ஒன்றுபோல இருந்தால் குயவர்களின் சூளை ஒன்றுபோல இருந்தது என்று அர்த்தம். கொள்ளுத்தாத்தா ஒருவரே என்று அர்த்தமில்லை.

அதே நூபியா பற்றித்தான். 'பண்டைய நூபிய இடுகாடுகளில் அடக்க முறையின் வளர்ச்சி – பத்து மதிப்பெண்.' நாளைக்குப் பரீட்சை, காப்பாத்துங்க!
– வரலாறு இளங்கலை, பெரம்பலூர்

எழுதிக்கொள்ளுங்கள். எகிப்தின் தெற்கும் சூடானின் வடக்கும் சேர்ந்த நைல் கரை. கி.மு. நாலாயிரத்துக்குச் சற்றுப் பின்னே தொடங்கும் 'ஏ குழு' மக்கள் குழி வெட்டி, உடலை ஒருக்களித்து, முழங்காலை மடக்கி வைத்தார்கள். கூடவே பானை, கண்மை அரைக்கும் கல். கி.மு. 2400 வாக்கில் வந்த 'சி குழு' மாடு மேய்த்த கூட்டம். குழிக்கு மேல் வட்டமாகக் கல் சுவர் எழுப்பி, படையல் கிண்ணத்தை வெளியே வைத்தார்கள். இதுவரை எழுதியதும் ஒரு மூச்சு விடுங்கள், அடுத்தது பெரிசு.

கெர்மா நகரத்து அரசர்கள் கட்டிலோடு அடக்கமானார்கள். ராஜாவின் மேடு 90 மீட்டர் அகலம். ஒரு மேட்டைச் சுற்றி நாலாயிரத்துக்கும் மேல் மாட்டு மண்டையோடுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். இன்னொரு மேட்டின் நடைபாதையில் ராஜாவோடு போனவர்கள் 300 பேருக்கு மேல். 1913 முதல் தோண்டிய அமெரிக்கர் ஜார்ஜ் ரைஸ்னர், அவர்கள் உயிரோடு மூடப்பட்டவர்கள் என்றே எண்ணினார். வேப்பந்தட்டை மாணவி கவனிக்க: உயிரோடு புதைத்த கதை உலகத்தில் எங்கேயும் பொய் என்று நான் சொல்லவில்லை.

பிறகு எகிப்து ஆண்டது. உடல் நீட்டிப் படுத்தது, சவப்பெட்டி வந்தது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழ். நூபிய அரசன் பியே எகிப்தையே பிடித்தான். பிடித்தவன் ஊருக்குத் திரும்பி எல்-குர்ருவில் பிரமிடு கட்டிக்கொண்டான். பிரமிடு எகிப்து பாணி, உள்ளே படுத்தது மட்டும் தாத்தா காலத்துக் கட்டிலில். மெரோயிலும் பிரமிடு தொடர்ந்தது. அது ஓய்ந்ததும் பல்லானா, குஸ்துல் அரசர்கள் பழையபடி மண்மேட்டுக்கே திரும்பி, குதிரைகளையும் ஆட்களையும் கூட அழைத்துக்கொண்டார்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் கிறித்தவம் வந்ததும் துணி ஒன்றே சீர்வரிசை, பின்னர் இஸ்லாம் வந்ததும் முகம் மெக்காவை நோக்கியது.

கேள்வித்தாளில் 'வளர்ச்சி' என்று இருக்கிறதே தவிர, இதில் வளர்ச்சி எங்கே? மேடு, பிரமிடு, மறுபடி மேடு. அதையும் கடைசி வரியில் எழுதுங்கள். திருத்துகிறவர் நல்லவராக இருந்தால் ஒரு மதிப்பெண் கூடும்.

ஏ குழு, சி குழு சரி. நடுவில் பி குழு எங்கே போச்சு?
– அதே மாணவரின் தோழர், அதே விடுதி அறை

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. உங்களுக்குத்தான் பரிசுப் புத்தகம்.

1907இல் பழைய அஸ்வான் அணையை உயர்த்தப் போனபோது அவசர அவசரமாக ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டினார்கள். ரைஸ்னர் அவற்றை ஏ, பி, சி, எக்ஸ் என்று எழுத்துப் போட்டுப் பிரித்தார். நிறையப் பொருள் இருந்தது ஏ. ஒன்றுமே இல்லாத, கிண்ணம்கூட இல்லாத ஏழைக் கல்லறைகள் பி. அவை தனிக் கூட்டம், தேய்ந்துபோன ஒரு கூட்டம் என்று பாடப்புத்தகங்கள் ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தன. 1966இல் எச்.எஸ். ஸ்மித் என்ற ஆய்வாளர் எல்லாவற்றையும் மறுபடி அலசிப் பார்த்துவிட்டு, பி குழு என்று ஒன்று கிடையாது என்றார். அவற்றில் பல, ஏ குழுவிலேயே இல்லாதப்பட்டவர்களின் குழிகள், அல்லது திருடர்கள் துடைத்துப்போன குழிகள்.

வசதியில்லாதவனை வேற்று இனத்தான் என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். தோண்டியவர்கள் மண்ணைச் சரியாகத்தான் பார்த்தார்கள். பார்க்கப் போகும்போதே ஒரு கணக்கோடு போனார்கள். கொடுமணலில் ஒரு கல்லறையில் சூதுபவளம் ஆயிரக்கணக்கில் கிடைக்க, வேறு கல்லறைகளில் சில கிண்ணங்கள் மட்டும் கிடைப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த பி குழுதான் ஞாபகம் வரும். இரண்டும் வேறு வேறு மக்கள் என்று யாராவது சொல்ல வந்தால், அவரை முதலில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கல்யாண மண்டபத்துக்கும் ஒரு தொழிலதிபர் வீட்டுக் கல்யாண மண்டபத்துக்கும் அழைத்துப் போக வேண்டும்.

அப்போ செத்தபிறகும் சாதி உண்டா?
– ஒரு வாசகி, ஆலத்தூர்

தாழிக்குள் சாதிச் சான்றிதழ் கிடைத்ததில்லை. வசதி, பதவி தெரிகிறது; அதற்கு மேல் மண் பேசவில்லை. மயானப் பாதையில் இன்றைக்கு என்ன பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதற்கு மூவாயிரம் வருஷம் பழைய ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

நூபியாவில் முடியும் தோலும்கூட அப்படியே கிடைக்கிறது. நம் தாழிகளில் எலும்பே பாதிதான். நம்ம ஆட்கள் சரியாகப் பாதுகாக்கவில்லையா?
– ஒரு மருந்துக்கடைக்காரர், உடையார்பாளையம்

நம்ம ஆட்கள் மேல் பழி போடாதீர்கள், மழை மேல் போடுங்கள். நூபியாவில் மணல், வெயில், வருஷக்கணக்கில் மழையில்லாமை. உடல் தானே காய்ந்து நின்றது. இங்கே ஐப்பசி மழை, கரையான், வேர். செம்மண்ணின் புளிப்பு எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சுண்ணாம்பு மண்டிய அரியலூர் மண்ணாக இருந்தால் எலும்பு இன்னும் தெம்பாக நிற்கும். அந்தச் சுண்ணாம்பைத்தான் நாம் சிமென்ட் மூட்டையில் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இருப்பதை வைத்தும் வேலை நடக்கிறது. கீழடிக்காரர்களின் இடுகாடான கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து இரண்டு ஆண்களின் முகத்தை 2025இல் கணினியில் வரைந்து காட்டினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூலிலுள்ள ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. பார்த்தவர்கள் பலரும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார் என்றார்கள்.

என் நகையை எல்லாம் போட்டுத்தான் என்னைப் புதைக்கணும் என்கிறாள் என் மனைவி. ஆலோசனை சொல்லுங்கள்.
– கவலையோடு ஒருவர், கீழப்பழுவூர்

லாக்கர் வாடகை மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். மெரோயில் நூபிய அரசி அமானிஷகெதோவுக்கும் இதே ஆசை இருந்தது. 1834இல் இத்தாலிய மருத்துவர் ஜியுசெப்பே ஃபெர்லினி புதையல் தேடி வந்து பல பிரமிடுகளின் உச்சியை இடித்துத் தள்ளிவிட்டு அரசியின் தங்கத்தை எடுத்துப்போனார். அது இப்போது ஜெர்மனியில் இருக்கிறது. உங்கள் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், நகை மருமகளுக்கு வரலாம். வராமலும் போகலாம்.

ஏரி தூர்வாரும்போது ஜேசிபி பல்லில் ஒரு பெரிய பானை மாட்டிச்சு. உள்ளே மண்ணுதான். கழுவிக் கொண்டுபோய் வீட்டு வாசலில் செடி வைக்கலாமா?
– ஓர் ஊராட்சி உறுப்பினர், தா.பழூர் வட்டாரம்

வைக்காதீர்கள்! முதலில் வண்டியை நிறுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொல்லுங்கள். 1878இல் போட்ட புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. டீ விலையே பத்தைத் தாண்டிவிட்டதால் உங்கள் பானை தப்ப வழியில்லை.

'உள்ளே மண்ணுதான்' என்றீர்களே, அதைத்தான் தொடக்கூடாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த மண்ணைச் சலித்தபோது நெல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021இல் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். அந்தத் தாழியை யாராவது அன்றைக்குக் குழாயடியில் கழுவியிருந்தால் சாக்கடையோடு போயிருக்கும். பானையைச் செடித்தொட்டியாக வைத்திருப்பவர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. செடி நன்றாக வருகிறதாம்.

சிவகளையில் இரும்பு 5,300 வருஷம் பழசு என்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு கொல்லுப்பட்டறைக்காரர், லெப்பைக்குடிக்காடு

2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையின் கணக்கு அது; கி.மு. 3345 வரை போகிறது. பல ஆய்வகங்களில் பார்த்த காலக்கணிப்புகள் இருக்கின்றன, இன்னும் பல இடங்களில் இதேபோல் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். மேடையில் ஏறி முதல் ஆள் நாமே என்று முழங்குகிறவர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அவருக்கு இரும்பு பற்றி உங்களைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

கல்லறைகளை ஏன் எப்போதும் ஒதுக்குப்புறத்தில் வைத்தார்கள்? பேய் பயமா?
– பத்தாம் வகுப்பு, திருமானூர்

நஞ்சை பயம்! நல்ல வயலை யார் வீணாக்குவார்கள்? நம் கல்வட்டங்களும் தாழிக்காடுகளும் பாறைப் பரம்பிலும் சரளை மேட்டிலும்தான் அதிகம். நூபியர்களும் நைல் வெள்ளம் ஏறும் கரையை விளைச்சலுக்கு விட்டுவிட்டுப் பாலைவன ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். பேய் பிறகு குடியேறியது.

எல்லாம் சரி, இதையெல்லாம் நேரில் எங்கே பார்ப்பது? லீவு ரெண்டு நாள்தான்.
– ஒரு குடும்பத் தலைவி, பெரம்பலூர்

முதல் நாள் பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம், அங்கிருந்து வாரணவாசியில் அரியலூர்ப் புதைபடிவ அருங்காட்சியகம். பிள்ளைகளுக்கு அம்மோனைட்டைக் காட்டிவிடுங்கள், அடுத்த முறை முட்டை என்று வதந்தி வந்தால் வீட்டிலேயே ஒரு நிபுணர் இருப்பார். இரண்டாம் நாள் புறவழிச்சாலையில் சென்னை பஸ் ஏறுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் எடுத்த பொருள்கள், கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் எல்லாம் இருக்கின்றன. 1876இல் அதே இடத்தைத் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் எடுத்ததைப் பார்க்க பெர்லின் போக வேண்டும், அதற்கு ரெண்டு நாள் போதாது. கூடுதலாக லீவு கிடைத்தால் ஆதிச்சநல்லூருக்கே போகலாம். தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டு, மேலே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள்.

எழும்பூருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு மூவாயிரம் வருஷத்துக்காரர்களுக்கும் வார விடுமுறை.